நிலமும் நெறியும்

செல்வம் பெருகும், கல்வி பெருகும், மக்கள் தொகையும் பெருகும். ஆனால் மனிதன் எத்துணை முயன்றாலும் பெருக்க இயலாத பொருள் ஒன்று உண்டு. அதுவே நிலம். கடலைத் தூர்த்துச் சில ஏக்கரை மீட்கலாம். குன்றைச் சரித்துச் சில மனைகளை அமைக்கலாம். அவையும் ஓரிடத்தில் எடுத்து மற்றோரிடத்தில் இட்டவையே. பெருகாத இப்பொருளைப் பெருகிக்கொண்டே செல்லும் மக்கள் எவ்வாறு பகிர்ந்து வாழ்வது என்னும் வினா, மனிதன் ஊர் கட்டி வாழத் தொடங்கிய நாள்தொட்டு அவனைத் தொடர்ந்து வருகிறது.

இவ்வினாவுக்கு இன்றைய நகரங்கள் அளிக்கும் விடை நிலப்பயன் மண்டல விதிகள் என்பதாகும். இந்தப் பகுதி வீடுகளுக்கு, இது வாணிகத்திற்கு, இது தொழிற்சாலைக்கு, இது பூங்காவிற்கு என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டி, அவ்வண்ணத்திற்குச் சட்டத்தின் வலிமையைத் தருவதே அவ்விதி. இதனைப் பொறியாளருக்கும் வழக்கறிஞருக்கும் உரிய செய்தி என்று கருதி நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுங்குதல் தகாது. இதன் அடியில் கிடப்பது கணக்கும் அன்று, கட்டடக் கலையும் அன்று, அறம்.

ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு ஒரு மனை வாங்குகிறார். பட்டா அவர் பெயரில் உள்ளது. நிலவரியை அவரே செலுத்துகிறார். நகராண்மையோ, “இங்கே வீடு கட்டலாம், பட்டறை வைத்தல் ஆகாது. இரண்டு மாடி எழுப்பலாம், இருபது மாடி எழுப்புதல் ஆகாது” என்கிறது. “என் நிலத்தின்மீது ஊருக்கு என்ன உரிமை?” என்று அவர் கேட்கிறார். அதே நகரின் மற்றொரு மூலையில், பட்டா என்பதையே கண்டிராத ஒருவர் நிற்கிறார். “மூன்று தலைமுறை இம்மண்ணில் உழைத்தோம். உங்கள் வரைபடத்தில் எங்கள் இடம் எங்கே?” என்பது அவர் கேள்வி. முதல் கேள்விக்கு விடை கூறுதல் எளிது. இரண்டாம் கேள்வியே நம் மனச்சான்றை உறுத்துவது. இரண்டையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோடுகள் செய்யும் பணி

முதலில் இவ்விதிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். நம் மலேசிய நாட்டில் நிலம் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, நிலத்தை வேளாண்மை, கட்டடம், தொழில் என மூன்று வகையாகப் பகுக்கிறது. வேளாண்மை நிலத்தில் வீடமைப்புப் பகுதி எழுப்ப வேண்டுமாயின், மாநில அரசிடம் விண்ணப்பித்து அதன் வகையை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். இதற்கு மேலாக 1976ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் நிற்கிறது. ஒரு வட்டாரத்தின் வளர்ச்சி எத்திசையில் செல்ல வேண்டும் என்று பெருங்கோடாகக் காட்டுவது அமைப்புத் திட்டம். ஒவ்வொரு தெருவுக்கும் மனைக்கும் உரிய பயனை வரையறுப்பது உள்ளூர்த் திட்டம். கோலாலம்பூருக்கு மட்டும் 1982ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிச் சட்டம் பொருந்தும்.

மண்டல விதி, நிலத்தின் பயனை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. கட்டடத்தின் உயரம், சாலையிலிருந்து அது விலகி நிற்க வேண்டிய தொலைவு, ஓர் ஏக்கரில் வாழக்கூடிய மக்களின் நெருக்கம் ஆகியவற்றையும் அது வரையறுக்கிறது. அவற்றுள் முதன்மையானது தளப்பரப்பு விகிதம். 10,000 சதுர அடி மனைக்கு அவ்விகிதம் ஒன்று என்றால், எல்லா மாடிகளும் சேர்ந்து 10,000 சதுர அடித் தளமே எழுப்பலாம். விகிதம் நான்கு என்றால் 40,000 சதுர அடி எழுப்பலாம். ஒன்று நான்காக மாறும்போது மண்ணில் ஒரு பிடியும் கூடுவதில்லை; ஆனால் மனையின் விலை பன்மடங்கு உயர்ந்துவிடுகிறது. ஓர் எழுதுகோலின் அசைவில் ஒருவர் செல்வராவதும், அதே அசைவில் மற்றொருவர் தம் வீட்டு வாயிலில் வெயிலை இழப்பதும் இதனால் நிகழ்வன. இத்துணை வலிமை வாய்ந்த எழுதுகோல் யார் கையில் உள்ளது, எந்நெறியின்படி அசைகிறது என்று கேட்பது குடிமகனின் கடமையாகும்.

பழமையும் புதுமையும்

நிலத்தைப் பகுத்து வாழ்தல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தையும் பட்டினப்பாக்கத்தையும் அறிவர். கைத்தொழில் வினைஞரும் மீன், உப்பு விற்போரும் கடல் கடந்து வந்த யவனரும் ஒரு பாக்கத்தில் வாழ, அரச வீதியும் பெருவணிகர் தெருவும் மறையவர் இருக்கையும் மற்றொரு பாக்கத்தில் அமைந்தன. இவ்விரண்டிற்கும் இடையே, மரங்கள் அடர்ந்த சோலையில் நாளங்காடி கூடியது. இரு பாக்கத்தாரும் வந்து கலக்கும் பொதுவிடமாக அது விளங்கிற்று. பிரித்து வைத்த நகரம், சேர்த்து வைக்கவும் ஓரிடம் விட்டிருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ஊர்நிலங்களைக் கணக்கிடும்போது, இறை நீக்கப்பட்டவற்றை வரிசைப்படுத்துகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியன அவ்வரிசையில் வருகின்றன. கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் அதே வரிசையில் வருகின்றன. குளத்தையும் சுடுகாட்டையும் பிரித்து வைத்தது ஊரின் நலம் கருதி. மனிதனைச் சேரியென்று பிரித்து வைத்தது எந்த நலம் கருதி? நம் முன்னோரின் நில அறிவைப் போற்றும் நாம், அதனுள் ஒளிந்திருந்த இந்தக் கொடுமையையும் மறைக்காமல் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

மேலை நாடுகளில் இன்றைய வடிவிலான மண்டல விதி கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. நியூயார்க் நகரம் 1916ஆம் ஆண்டில் தன் நகர் முழுமைக்குமான விதியை இயற்றிற்று. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து யூக்ளிட் எனும் சிற்றூர், தன் எல்லைக்குள் நிலப்பயனை வகுத்தபோது நிலவுடைமை நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. ஊருக்கு அவ்வுரிமை உண்டென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அன்று முதல் இம்முறை பல நாடுகளில் பரவலாயிற்று.

ஊரின் உரிமை

இனி முதல் கேள்விக்கு வருவோம். “என் நிலத்தில் நான் விரும்பியதைச் செய்வேன்” என்னும் கூற்று, நிலம் எல்லைச் சுவரோடு முடிந்துவிடுகிறது என்று கருதுகிறது. மண்ணுக்குச் சுவர் உண்டு. புகைக்குச் சுவர் இல்லை. ஒலிக்கும் தீக்கும் வெள்ளத்திற்கும் அண்டை வீட்டாரின் பட்டா தெரிவதில்லை.

1991ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள், சிலாங்கூர் சுங்கை பூலோவில் இருந்த பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 26 பேர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சுற்றுப்புற வீடுகளும் சேதமுற்றன. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜொகூர் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் சட்டத்திற்குப் புறம்பாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சு ஆவி பரவியபோது 111 பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பறையில் அமர்ந்திருந்த குழந்தைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கழிவைக் கொட்டியது குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆலைக்கும் பள்ளிக்கும் இடையே போதிய இடைவெளி இருந்தால், ஒருவர் செய்த குற்றம் அத்துணைக் குழந்தைகளை எட்டியிருக்குமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். குற்றம் நிகழ்ந்த பின் தண்டிப்பது ஒரு சட்டம். குற்றம் நிகழ்ந்தாலும் குழந்தையை எட்டாதவாறு முன்னரே காப்பது மற்றொரு சட்டம். மண்டல விதி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஊரின் உரிமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. நகரத்து மனை ஒன்று விலையேறுவது எதனால்? அதன் உரிமையாளர் அதனைத் தேய்த்துத் துலக்கியதனால் அன்று. அருகில் சாலை வந்தது, தொடர்வண்டி நிலையம் வந்தது, பள்ளி வந்தது, மருத்துவமனை வந்தது. இவற்றை எழுப்பியது பொதுப்பணம். இவற்றைப் பயன்படுத்தி அவ்விடத்தை உயிருள்ளதாக்கியது மக்கள் கூட்டம். மதிப்பை ஊர் ஆக்கிக் கொடுத்திருக்க, பயனை மட்டும் தனிமனிதரே முடிவு செய்வேன் என்பது நடுவுநிலையாகாது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, போதிய இழப்பீடின்றி ஒருவர் சொத்தைக் கட்டாயமாக எடுத்தல் ஆகாது என்கிறது. தனியுரிமை காக்கப்பட வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் காக்கப்படும் உரிமை, கட்டற்ற உரிமை ஆகிவிடாது.

ஆகவே, ஊர் கோடு போடலாமா என்னும் வினாவுக்கு ஆம் என்பதே விடை. ஆனால் அந்த ஆம் என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. கத்தி வைத்திருக்க உரிமை உண்டு என்பதனால், அதனைக் கொண்டு செய்வன எல்லாம் அறமாகிவிடுமா?

கோடு சுவராகும்போது

பயனைப் பிரிப்பதற்காகப் பிறந்த விதி, மனிதனைப் பிரிக்கும் விதியாக மாறிய வரலாறும் உண்டு. அமெரிக்காவின் லூயிவில் நகரம், வெள்ளையர் மிகுந்து வாழும் தெருவில் கறுப்பினத்தார் குடியேறலாகாது என்று விதி இயற்றிற்று. 1917ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. வெளிப்படையாகச் சொல்லுதல் ஆகாது என்றானபின், மறைவாகச் செய்யும் வழிகள் கண்டறியப்பட்டன. ஒரு மனைக்கு ஒரு குடும்ப வீடே இருக்கலாம், மனை இத்துணைப் பெரிதாக இருத்தல் வேண்டும் என்று எழுதிவிட்டால் போதும். ஏழை என்ற சொல்லை எழுதாமலே ஏழையை வெளியே நிறுத்திவிடலாம். மினியாபொலிஸ் நகர மன்றம் 2018ஆம் ஆண்டில் அத்தகைய ஒற்றைக் குடும்ப மண்டலத்தைக் கைவிட முடிவு செய்ததற்கு இவ்வரலாறும் ஒரு காரணம்.

நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில், 1822ஆம் ஆண்டில் இராபிள்ஸ் அமைத்த நகரக் குழு, ஐரோப்பியர்க்கு ஓரிடம், சீனர்க்கு ஓரிடம், அரபியர்க்கு ஓரிடம், தமிழகக் கடற்கரையிலிருந்து சென்ற சூலியர்க்கு ஓரிடம் என்று இனவாரியாக நகரைப் பகுத்தது. அதே திட்டம்தான் கடைவீடுகளின் முன் வெயிலும் மழையும் படாமல் யாவரும் நடந்து செல்லத் தொடர்ச்சியான நடைவழி விடவேண்டும் என்றும் விதித்தது. ஐந்தடி என்று நாம் இன்றும் வழங்கும் நடைவழி அதுவே. ஒரே திட்டத்தில் மனிதரைப் பிரிக்கும் கோடும் உண்டு. எல்லாரும் ஒருங்கே நடக்கும் நிழலும் உண்டு. எந்தத் திட்டத்தையும் முற்றாகப் போற்றவோ முற்றாகத் தூற்றவோ முற்படும் முன், அதன் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியே எடைபோடுதல் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நம் கதை

இந்நாட்டுத் தமிழர்க்கு மண்டல விதி நெடுங்காலம் வேற்றார் செய்தியாகவே இருந்தது. நம் மக்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் வாழ்ந்தனர். தோட்டம் வேளாண்மை நிலம். லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு சென்றது. நிலத்தின் வகை மாறிய நாளில்தான், அக்கோடு தம் வாழ்வின் குறுக்கே ஓடுகிறது என்பதை அவர்கள் உணர்ந்தனர். தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் நிலைகுலைந்த காலத்தில், 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் கருத்தும் இதுவே: உழைப்பவன் பெயரில் நிலம் இருந்தால், கோட்டை மாற்றும்போது அவனையும் கேட்டாக வேண்டும்.

சுபாங் ஜெயா எழுந்த இடம் சீபீல்டு தோட்டம். புத்ராஜெயா எழுந்த இடத்தில் பெராங் பெசார் ரப்பர்த் தோட்டம் இருந்தது. நாடு வளர நகரம் வேண்டும். நகரம் எழ நிலம் வேண்டும். இதனை மறுப்பார் இலர். ஆனால் வேளாண்மை என்றிருந்த வகை கட்டடம் என்று மாறியபோது நிலத்தின் விலை பன்மடங்கு ஏறியதே, அந்த ஏற்றத்தில் அந்நிலத்தைக் காடழித்துத் திருத்தி, மரம் நட்டு, பால் எடுத்தவர்க்குப் பங்கு என்ன? நிலவுடைமையாளர்க்கு விலை கிடைத்தது. மேம்பாட்டாளர்க்கு ஆதாயம் கிடைத்தது. அரசுக்கு வகைமாற்றக் கட்டணம் கிடைத்தது. உழைத்தவர்க்கோ பல இடங்களில் ஒரு சிறு தொகையும், வீட்டைக் காலி செய்யும் அறிவிப்புமே கிடைத்தன. அவருள் பலர் நகரத்து ஓரங்களில் பலகை வீடு கட்டிக் குடியேறினர். அவர்களுக்கு நம் நாளேடுகள் இட்ட பெயர் புறம்போக்குவாசிகள்.

தமிழாசிரியர்கள் இச்சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். புறம்போக்கு என்பது வசைச்சொல் அன்று. வரிக்குட்பட்ட தனியார் நிலத்தின் புறத்தே, ஊரார் அனைவர்க்கும் பொதுவாக விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். ஏரிக்கரையும் மேய்ச்சல் வெளியும் வண்டிப்பாதையும் புறம்போக்கே. அனைவர்க்கும் உரிய நிலத்தின் பெயர், எதற்கும் உரிமையற்ற மனிதரின் பெயராகிவிட்டது. பொதுவை மதிக்கத் தவறிய சமுதாயத்தில் சொல்லும் தன் மதிப்பை இழக்கிறது.

பள்ளியின் கதையும் இதனோடு பின்னியதே. 1957ஆம் ஆண்டில் 800க்கும் மேற்பட்டனவாக இருந்த நம் தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேற்பட்டனவாகச் சுருங்கியுள்ளன. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் தோட்டங்கள் கலைந்தமை தலையாயது. எஞ்சிய பள்ளிகளுள்ளும், அரசு நிலத்தில் நிற்பது முழு உதவி பெறும் பள்ளி, தனியார் நிலத்தில் நிற்பது பகுதி உதவி பெறும் பள்ளி என்ற வேறுபாடு நெடுங்காலம் நின்றது. குழந்தை ஒன்றே, பாடத்திட்டம் ஒன்றே, ஆனால் கூரை ஒழுகினால் அதனைச் செப்பனிடப் பணம் எங்கிருந்து வரும் என்பதை, அக்கூரை எந்த நிலத்தின் மேல் நிற்கிறது என்பது முடிவு செய்தது. நிலத்தின் வகை குழந்தையின் கல்வியைத் தொடும் இடம் இதுவே.

ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஒருமுறை ஒரு பயிற்சி தந்தேன். வெற்றுத் தாளில் ஓர் ஊரை வரைந்து, வீடு, கடை, பள்ளி, ஆலை, குப்பைக் கிடங்கு ஆகியவற்றுக்கு இடம் வகுக்குமாறு கூறினேன். ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் குப்பைக் கிடங்கைத் தாளின் ஓரத்தில் வைத்தனர். “ஓரத்தில் வீடு இல்லையா?” என்று கேட்டேன். “இல்லை ஐயா, அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்” என்றான் ஒருவன். பின்வரிசையிலிருந்த சிறுமி, “இடம் கிடைக்காதவர்கள் அங்கேதான் ஐயா இருப்பார்கள்” என்றாள். திட்டமிடலைப் பற்றிய நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவள் ஒரே வரியில் கூறிவிட்டாள்.

இரு நியாயங்களின் மோதல்

தீமைக்கும் நன்மைக்கும் இடையே வழக்கு நிகழ்ந்தால் முடிவு செய்தல் எளிது. நன்மைக்கும் நன்மைக்கும் இடையே நிகழும்போதுதான் அறிவு சோதிக்கப்படுகிறது. கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்காவின் வழக்கு அத்தகையது.

அவ்விடம் முன்னர் புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டத்தின் பகுதி. தோட்டம் அரசின் கைக்கு மாறியபின், அங்கு உழைத்த தொழிலாளர் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. தற்காலிகம் என்று கூறப்பட்ட அவ்வீடுகளில், நிரந்தர வீடு வரும் என்ற வாக்குறுதியோடு, ஏறத்தாழ 100 குடும்பங்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. அருகிலேயே சுமார் 25 ஏக்கர் பரப்பில் பூங்கா அமைந்தது. நகரின் அமைப்புத் திட்டம் அதனைப் பொதுவெளியாக வகுத்திருந்தது.

2017ஆம் ஆண்டில், அப்பரப்பில் ஏறத்தாழ 12 ஏக்கரில் உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுப்ப அனுமதி வழங்கப்பட்டது. அத்திட்டத்தில் மலிவு விலை வீடுகள் கொண்ட ஒரு கட்டடமும் இருந்தது. நீண்ட வீட்டு மக்களுக்கு அதில் இடம் கிடைக்கும் என்று கூறப்பட்டது. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். உயர் நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் அவர்களின் வழக்கைத் தள்ளிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் அனுமதியை நீக்கியது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அமைப்புத் திட்டம் பெயரளவிலான ஏடு அன்று. அதிலிருந்து விலகும் அதிகாரி அதற்குரிய காரணத்தைக் கூறுதல் வேண்டும். பாதிக்கப்படும் அண்டையாரின் குரலைக் கேட்டல் வேண்டும். அனுமதி வழங்குபவரே அனுமதியால் பயன்பெறும் அமைப்பிலும் பொறுப்பு வகித்தல் தகாது. இவை அத்தீர்ப்பு நமக்கு உணர்த்தும் நெறிகள்.

இத்தீர்ப்பு போற்றத்தக்கது. ஆண்டோர் கையில் இருந்த எழுதுகோலுக்கு அது காரணம் கேட்டது. பூங்கா என்று மக்களிடம் காட்டி ஒப்புதல் பெற்ற நிலத்தை, மக்களைக் கேளாமல் மாற்றுதல் கூடாது என்றது. ஆயினும் தீர்ப்பு வந்த அன்று மாலை, நீண்ட வீட்டின் வாயிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் பங்கிற்கு வந்தது என்ன? பூங்காவைக் காக்கப் போராடியோர் அவருக்கு வீடு வேண்டாம் என்று கூறியவர் அல்லர். நீதிபதிகளும் அவ்வாறு கூறவில்லை. திட்டத்தை வகுத்தோரும் அவர் பெயரைச் சொல்லியே திட்டத்தை முன்வைத்தனர். எல்லாரும் அவருக்காகப் பேசினர். எனினும் சட்டத்தின் வெற்றி தானாகவே அவருக்கு ஒரு கூரையைக் கட்டித் தரவில்லை.

இதில் ஒரு நுண்மையான தீங்கு உண்டு. ஏழைக்கு வீடு என்னும் நற்செயலை, பொதுப்பூங்காவை விற்றால்தான் முடியும் என்று கட்டிப்போடுவது ஏழையையும் அண்டையாரையும் ஒருவர்க்கொருவர் பகையாக்குவதாகும். பசுமை வேண்டும் என்போர் ஈரமற்றவராகவும், வீடு வேண்டும் என்போர் பசுமையின் எதிரியாகவும் காட்சியளிக்கின்றனர். உண்மையில் இருவரும் கேட்டது ஒன்றே: கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள் என்பது. பூங்கா என்பது வரைபடத்தில் எழுதிக் கொடுத்த வாக்கு. வீடு என்பது வாயால் கொடுத்த வாக்கு. எழுதிய வாக்குக்கு நீதிமன்றம் துணை நின்றது. வாயால் கொடுத்த வாக்குக்குக் கொடுத்தவரின் மனச்சான்று அன்றி வேறு துணை இல்லை. வரைபடத்தில் பூங்காவுக்குப் பச்சை வண்ணம் இருந்தது. நாற்பதாண்டுக் காத்திருப்பைக் குறிக்க எந்த வண்ணமும் இல்லை.

மூன்று கேள்விகள்

இவற்றிலிருந்து நாம் பெறும் நெறி யாது? நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவர், அதற்குத் துலாக்கோலை உவமை காட்டினார். நிலத்தில் கோடு கிழிப்போர் கையிலும் அத்துலாக்கோல் இருத்தல் வேண்டும். ஒரு கோடு அறத்தின்பாற்பட்டதா என்பதை அறிய மூன்று கேள்விகள் போதும் என்பது என் எண்ணம்.

முதலாவது, இக்கோட்டிற்குச் சொல்லத்தக்க காரணம் உண்டா? புகையையும் தீயையும் வெள்ளத்தையும் விலக்குவதற்கு என்றால் அது காரணம். பூங்காவும் பள்ளியும் இல்லாத நகரம் வாழத்தகாதது என்றால் அதுவும் காரணம். சில வகை மனிதர் அருகில் வருதல் வேண்டா என்பது பொதுமன்றத்தில் வாய்விட்டுச் சொல்ல இயலாதது. சபையில் சொல்ல நாணும் காரணம், சட்டத்தில் ஒளிந்து நிற்றல் ஆகாது.

இரண்டாவது, கோட்டால் பாதிக்கப்படுவோர் கேட்கப்பட்டனரா? பட்டா உள்ளவரைக் கேட்பது மட்டும் கேட்பதாகாது. வாடகைக் குடியிருப்போர், லயத்து மக்கள், சாலையோரத்தில் கடை வைத்திருப்போர் ஆகியோரின் வாழ்வும் அக்கோட்டின்மேல் நிற்கிறது. நிலம் இல்லாதவருக்கும் இடம் வேண்டும்.

மூன்றாவது, கோட்டின் நன்மை யாருக்கு, சுமை யாருக்கு? நிலத்தின் வகை மாறுவதால் வரும் பேராதாயத்தில் ஒரு பகுதி, அம்மாற்றத்தால் இடம்பெயர்வோரின் வீட்டிற்கும் பள்ளிக்கும் முதலில் சென்ற பின்னரே மற்றோர்க்குச் செல்லுதல் வேண்டும். இதனை இரக்கம் என்று கூறுவது பிழை. அவர்கள் உழைப்பின் நிலுவை அது.

இம்மூன்றையும் கேட்டால் திட்டங்கள் தாமதமாகும் என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. கோலாலம்பூர் நகரத் திட்டத்தின் வரைவு 2008ஆம் ஆண்டில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, அரசிதழில் வெளியானது 2018ஆம் ஆண்டில்தான். பத்தாண்டுத் தாமதம் மக்களுக்கு நன்மை செய்யவில்லை. கோடு உறுதியாகாத காலமே விதிவிலக்குகள் பெருகும் காலம். ஆயின் அத்தாமதம் மக்களைக் கேட்டதால் வந்தது என்று யார் கூற முடியும்? கேட்பதற்குச் சட்டம் வகுத்த காலம் சில வாரங்களே.

ஆசிரியர் கடன்

அச்சில வாரங்களில்தான் நம் கடமையும் அடங்கியுள்ளது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு காட்சிக்கு வைக்கப்படும்போது, எந்தக் குடிமகனும் சென்று பார்க்கலாம். எழுத்து வழி ஆட்சேபம் தெரிவிக்கலாம். அக்காட்சிக் கூடத்திற்கு நம்மவர் எத்துணைப் பேர் செல்கின்றனர்? கோயில் உடைபடும் நாளில் கூடும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர், வரைபடம் விரிக்கப்பட்ட நாளில் கூடியிருந்தால், உடைப்பு அறிவிப்பே வராமல் போயிருக்கக்கூடிய இடங்கள் உண்டு. கண்ணீர் வரைபடத்தை மாற்றாது. உரிய காலத்தில் எழுதிய கடிதம் மாற்றக்கூடும்.

ஆசிரியர்கள் தம் பள்ளி எவ்வகை நிலத்தில் நிற்கிறது, உரிமை யார் பெயரில் உள்ளது, உள்ளூர்த் திட்டத்தில் அதற்குப் பள்ளி என்ற வகை இடப்பட்டுள்ளதா என்பவற்றைப் பள்ளி மேலாளர் வாரியத்தாருடன் அமர்ந்து அறிதல் வேண்டும். மாணவர்கள் நிலப்படத்தில் ஆறுகளையும் மலைகளையும் குறிக்கக் கற்பதோடு, தாம் வாழும் தெருவுக்கு நகராண்மை தீட்டிய வண்ணம் யாது என்பதையும் கற்றல் வேண்டும். ஐவகை நிலத்தை மனப்பாடம் செய்யும் மாணவன், அவற்றுள் ஒன்றிலும் தனக்கு ஒரு சாண் இடம் உண்டா என்று கேட்கவும் துணிதல் வேண்டும்.

கோடுகள் இல்லாமல் நகரம் இல்லை. வலியவர் எழுதும் கோடு எளியவர் வாழ்வை அழித்து ஓடாதவாறு காப்பது கல்வியின் வேலை; கல்வி பெற்றோரின் வேலை. காகிதத்தின் ஓரத்தில் யார் இருப்பார்கள் என்பதை அறிந்த சிறுமிகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். நாளைய வரைபடத்தை வரையும் மேசையிலும் அவர்களுக்கு ஓர் இருக்கை கிடைக்குமாறு அவர்களை ஆயத்தம் செய்வோமாக.